டைனோவில் ஜெயிச்ச டர்போ, ரோட்டுல ஏன் தோத்துது?

டர்போ எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, எவ்ளோ பெரிய டர்போ போடலாம்?" பதிலுக்கு முன்னாடி, நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன்.

என்னோடது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். வண்டியோட வந்த டர்போவைக் கழட்டிட்டு ரெண்டு சைஸ் பெரிசா ஒண்ணு மாட்டினேன். டைனோ ஷீட் அட்டகாசமா வந்தது. அதை போன்ல வால்பேப்பரா வேற வெச்சிருந்தேன், சிரிக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு திருவண்ணாமலை போற வழியில, ரெண்டு லேன் ரோட்டுல, ஒரு கரும்பு லாரியை ஓவர்டேக் பண்ண வெளியே எடுத்தேன். மூணாவது கியர், 2,000 ஆர்பிஎம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஒண்ணுமே நடக்கல. எதிர்ல பஸ். பிரேக் அடிச்சு லாரிக்குப் பின்னாடியே ஒதுங்கினேன். பழைய டர்போவோட அதே இடத்துல வண்டி பாய்ஞ்சிருக்கும்.

டர்போ என்பது ஒரே தண்டில் இருக்கும் ரெண்டு சக்கரம். ஒன்றை எக்ஸாஸ்ட் வாயு சுற்றுகிறது, இன்னொன்று காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும். அந்த வேகத்துக்கு வர எக்ஸாஸ்ட் வாயு போதாத ஆர்பிஎம்ல நீங்க எவ்ளோ மிதிச்சாலும் முழு பூஸ்ட் வராது. இதுக்குப் பேரு பூஸ்ட் த்ரெஷோல்ட். வாயு போதுமான அளவு இருந்தும் சக்கரம் வேகம் பிடிக்க ஆகிற தாமதம்தான் லேக். பெரிய டர்போவில் ரெண்டுமே மோசமாகும். வடிவத்தை மாத்தாம சக்கரத்தின் விட்டத்தை 10% கூட்டினாலே, அதோட சுழல் நிலைமம் சுமார் 60% ஏறிடும். "கொஞ்சம் பெரிசு"ன்னு கடையில சொல்றது நிஜத்துல கொஞ்சம் இல்ல.

சரி, கணக்கு போடுவோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழு கொள்ளளவை இழுக்கும். 1.2 லிட்டர், 5,500 ஆர்பிஎம்: நிமிடத்துக்கு 3,300 லிட்டர், வினாடிக்கு 55. தொண்ணூறு சதவீதம் நிரம்புதுன்னு வெச்சா சுமார் 50 லிட்டர். நம்ம ஊர் வெயில்ல அது 57 கிராம் காற்று. இதுமேல 1 பார் பூஸ்ட் குடுத்தா காற்று சூடாகறதால முழுசா ரெட்டிப்பாகாது, சுமார் 105 கிராம். வினாடிக்கு 1 கிராம் காற்றுக்குத் தோராயமா 1.3 ஹெச்பி. ஆக, 135-லேர்ந்து 140 ஹெச்பி.

இப்போ அதே கணக்கை 2,000 ஆர்பிஎம்முக்குப் போடுங்க. வினாடிக்கு 40 கிராம்கூட வராது. டர்போ தயாரிப்பாளர் தரும் கம்ப்ரஸர் மேப்பில் இந்த ரெண்டு புள்ளியையும் குறிச்சுப் பாருங்க. இடது ஓரத்துல சர்ஜ் கோடு இருக்கும். அதைத் தாண்டி இடப்பக்கம் போனா காற்று பின்னாடி அடிக்க ஆரம்பிக்கும், பேரிங்குக்கு ஆகாது. எல்லாரும் வலது புள்ளியை மட்டும் பார்த்து வாங்கறாங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனா கத்திப்பாராவுலயும் ஓஎம்ஆர்லயும் நாம ஓட்டறது இடது புள்ளி பக்கத்துலதான்.

இது புதுசு இல்ல. 1977-ல சாப் கம்பெனி 99 டர்போவைக் காட்டினபோதே சின்ன டர்போவைத்தான் எடுத்தாங்க. மேலே பூஸ்ட் எல்லை மீறாம இருக்க வேஸ்ட்கேட். ரேஸ் பவர் அவங்களுக்கு வேணாம், தினசரி ஓட்டற வேகத்துல டார்க் வேணும்.

அதுக்காக ரொம்பச் சின்னதும் வேணாம். மேல் ஆர்பிஎம்ல எக்ஸாஸ்ட் அடைபடும், கம்ப்ரஸர் காற்றைச் சூடாக்கும், நாக்கிங் வரும். டர்பைன் ஹவுசிங்கோட ஏ/ஆர் நம்பரும் இதே பேரம்தான்: சின்ன நம்பர்னா சீக்கிரம் சுத்தும், மேலே மூச்சு முட்டும்.

இன்னொண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்டயும் முதல்ல கேட்டுக்கோங்க.

நான் அந்த டர்போவைப் பாதி விலைக்கு வித்தேன். பழசையே மாட்டி, பெரிய இன்டர்கூலர் போட்டேன். டைனோ நம்பர் குறைஞ்சுது. போன மாசம் அதே ரோட்டுல, அதே கியர்ல லாரியைத் தாண்டினேன். அடுத்த எபிசோடு இன்டர்கூலர் பத்தித்தான். உங்க இன்ஜின் சிசி, நீங்க அதிகம் ஓட்டற ஆர்பிஎம், ரெண்டையும் எழுதி அனுப்புங்க.