பீன்யா பெண்கள் மீட்டுத் தந்த பி.எப். பணம்

பெங்களூரு நகரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பீன்யா. 1970-களில் தொழிற்பேட்டையாக உருவெடுத்த இந்த இடத்தில் இன்று லேத் பட்டறை, முலாம் பட்டறை, மோட்டார் உதிரி பாகம், மின்சாதனம், ஆயத்த ஆடை என்று ஆயிரக்கணக்கான தொழில் நிலையங்கள் இயங்குகின்றன. காலை ஷிப்டு நேரத்தில் ஜாலஹள்ளி கிராஸில் நின்று பார்த்தால் போதும். டிபன் டப்பாவும் அடையாள அட்டையுமாக விரையும் கூட்டத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒரியா எல்லாம் காதில் விழும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து லக்கெரே, ஹெக்கனஹள்ளி, ராஜகோபால் நகர், தாசரஹள்ளி என்று ஒண்டுக் குடித்தனம் நடத்துவோர் நம்மில் எத்தனையோ பேர்.

நகரத்தின் அரசியலைப் பற்றிப் பேசும்போது விதான சௌதாவையும் சுதந்திரப் பூங்காவையும் சொல்வார்களே தவிர, பீன்யாவைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் 2016 ஏப்ரலில், இந்தியா முழுவதும் மாதச் சம்பளம் வாங்கும் கோடிக்கணக்கானவர்களின் பணத்தைக் காத்ததில் பீன்யாவின் தையல் தொழிலாளப் பெண்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் கதை நம் பேட்டைகளிலேயே மறந்து போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டே நாட்கள்

2016 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை வேலையை விட்டவர், இரண்டு மாதம் வேறு வேலை இல்லாவிட்டால் தன் பி.எப். பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். புதிய விதிப்படி, தன் சம்பளத்தில் பிடித்த பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம்; முதலாளி செலுத்திய பங்கை எடுக்க 58 வயது ஆகவேண்டும். தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் அமலாகும் தேதி தள்ளிப் போனதே தவிர, விதி நீங்கவில்லை.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வந்து சாலையில் அமர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றது. மறுநாள் 19-ஆம் தேதி கிளர்ச்சி நகரத்தின் பல முனைகளுக்கும் பரவியது. துமகூரு சாலையில் பீன்யா, ஜாலஹள்ளி கிராஸ் பகுதியிலும் தொழிலாளர்கள் திரண்டு சாலையை மறித்தார்கள். தடியடி நடந்தது, கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. ஹெப்பகோடியில் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டு வாகனங்கள் எரிந்தன. பலர் கைதானார்கள். அந்த வன்முறையை யாரும் மெச்ச மாட்டார்கள். வழக்கு, வாய்தா என்று அதன் விலையைக் கொடுத்தவர்களும் ஏழைகளே.

அறிவிக்கையை ஜூலை 31 வரை நிறுத்தி வைப்பதாக முதலில் சொன்ன டில்லி, 19-ஆம் தேதி மாலைக்குள் அதை அடியோடு ரத்து செய்வதாக அறிவித்தது. அப்போதைய தொழிலாளர் நல அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அதைத் தெரிவித்தார்.

கணக்கைப் பார்ப்போம்

"சேமிப்புப் பணம் முதுமைக்குத்தானே? 58 வயதில் கிடைத்தால் என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்நாளில் ஒரு தையல் தொழிலாளியின் மாதச் சம்பளம் சுமார் 7,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 840 ரூபாய் பிடித்தம். முதலாளியும் அதே 840 ரூபாய் கட்டுகிறார். ஆனால் அவர் கட்டுவதில் 8.33 சதவீதமான 583 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், பி.எப். கணக்கில் சேர்வது மீதி 257 ரூபாய்தான். ஐந்து வருடம் வேலை செய்தால், வட்டி நீங்கலாகத் தொழிலாளியின் பங்கு 50,400 ரூபாய், முதலாளியின் பங்கு 15,420 ரூபாய். முப்பது வயதில் வேலையை விடும் ஒரு பெண் இந்தப் பதினைந்தாயிரத்துக்கு இருபத்தெட்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்பதே புதிய விதியின் பொருள்.

ஆயத்த ஆடைத் தொழிலில் 58 வயதுவரை மிஷினில் உட்கார்ந்திருப்பவர் யார்? மணிக்கு இத்தனை உருப்படி என்ற கெடுபிடியில் முதுகும் கண்ணும் நாற்பதைத் தாண்டும் முன்பே ஓய்ந்து போகின்றன. பிரசவம், பிள்ளையின் படிப்பு, ஊரில் கடன், மாமியாரின் நோய் என்று ஏதாவது ஒரு காரணத்தால் இடையிலேயே வேலையை விடுகிறார்கள். அப்போது கைக்கு மொத்தமாக வருவது இந்தப் பணம் ஒன்றுதான். மகளின் காதில் ஒரு தோடு, பையனின் கல்லூரிக் கட்டணம், வட்டிக்காரனிடமிருந்து விடுதலை எல்லாம் அதில்தான் அடக்கம். நகரத்துப் பணக்காரர் வங்கியில் வைத்திருக்கும் வைப்புத் தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது முன்கூட்டியே உழைத்துக் கொடுத்து, பின்னால் வாங்கும் கூலி.

தலைவர் பெயர் இல்லாத கிளர்ச்சி

போராட்டம் பெங்களூருக்குப் புதிதல்ல. பீன்யாவுக்கு அடுத்த ஜாலஹள்ளியில்தான் 1950-களில் எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும் எழுந்தன. 1980 டிசம்பர் கடைசியில் அவற்றோடு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். தொழிலாளர்களும் சேர்ந்து, பி.எச்.இ.எல்.லுக்கு இணையான ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 77 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டம் முக்கியக் கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கூட்டுப் போராட்ட முன்னணி இருந்தது, நிரந்தர வேலையும் இருந்தது.

2016-இல் தெருவுக்கு வந்த பெண்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை எனலாம். ஆயத்த ஆடைத் துறையில் சங்கங்கள் உண்டு. ஆனால் உறுப்பினர்கள் சொற்பம். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்ற பயம் ஒருபுறம், மாலையில் வீட்டு வேலை காத்திருப்பது மறுபுறம். அந்த இரண்டு நாளும் எந்தத் தலைவரும் அழைக்கவில்லை. மிஷின் வரிசையில் பேசிய பேச்சு வாசலுக்கு வந்து, வாசலிலிருந்து சாலைக்கு வந்தது.

இதே போன்ற ஒன்றை அதற்கு ஏழு மாதம் முன்பு நம் இனத்துப் பெண்களே மூணாறில் செய்து காட்டினார்கள். 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்காமல் ஒன்பது நாள் உட்கார்ந்து பழைய 20 சதவீதத்தையே பெற்றார்கள். பிழைக்கப் போன மாநிலத்தில் நமக்கென்ன உரிமை என்று ஒதுங்குபவர்களுக்கு மூணாறு ஒரு பதில்.

அதே ஆண்டு, அதே வட்டாரம்

பீன்யாவின் 2016-ஆம் ஆண்டுக் கதை ஏப்ரலோடு முடியவில்லை. செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளும் பஸ்களும் கொளுத்தப்பட்டன. பீன்யாவுக்குப் பக்கத்திலேயே ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ராஜகோபால் நகர் உள்ளிட்ட பல போலீஸ் சரகங்களில் ஊரடங்கு போடப்பட்டது.

ஐந்து மாதம் முன்பு பி.எப். பணத்துக்காகப் பெண்கள் திரண்டபோது, பக்கத்தில் நிற்பவள் எந்த மாநிலத்துக்காரி என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் விவகாரத்தில் அதே வட்டாரத்தில் அந்தக் கேள்வி தலைதூக்கியது. சம்பளச் சீட்டில் பிடித்தம் எல்லோருக்கும் ஒரே சதவீதம். மளிகைக் கடையில் அரிசி எல்லோருக்கும் ஒரே விலை. கடையடைப்பு வந்தால் நாள்கூலி போவதும் எல்லோருக்கும்தான். இதை உணர்ந்த அண்டை வீட்டாரே கலவர நாளில் காவலாக நிற்பார்கள். அந்த உறவைக் கலவரத்துக்கு முன்பே வளர்த்துக் கொள்வது நம் பொறுப்பு. கன்னடம் கற்பது, பேட்டைக் கூட்டங்களுக்குப் போவது, தெருக் குழாய்க்கும் சாக்கடைக்கும் மனுப்போடுகையில் கூடச் சேர்ந்து கையெழுத்திடுவது ஆகிய எல்லாமே அரசியல்தான்.

சாலையை விட்டு வந்த பிறகு

ஒரு நாள் சாலை மறியலில் கிடைத்தது நிரந்தரமாக நிற்குமா? 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி, கர்நாடக அரசு பஞ்சப்படி உயர்வை ஓராண்டு தள்ளி வைத்தது. மாதத்துக்கு 417 ரூபாய் போயிற்று. இம்முறை ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்கம் உயர்நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. அப்படியும் பல கம்பெனிகள் தரவில்லை. தொடர்ந்த முயற்சிக்குப் பிறகு, 2022 தொடக்கத்தில்தான் பாக்கித் தொகை கைக்கு வரத் தொடங்கியது. கூட்டம் கலைந்த பிறகும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய ஒரு சங்கம் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

பி.எப். விஷயமும் ஓயவில்லை. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய மத்திய அறங்காவலர் குழு, வேலை இழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்குக் காத்திருக்கும் காலம் இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகும் என்று முடிவு செய்தது. பென்ஷன் பகுதியை எடுக்க 36 மாதம் என்றது. இந்த முடிவைப் படித்துப் புரிந்து கொண்டு பேசவேண்டியவர்கள் நாம்தான்.

குமாஸ்தா வேலையில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. நம் ஆட்களின் பணம் சிக்கிக் கிடப்பதற்குப் பல சமயம் பெயரே காரணம். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். கம்பெனிப் பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும். பிறந்த தேதி ஓர் இடத்தில் ஒன்று, மற்றோர் இடத்தில் வேறு. 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே பொது எண் வந்தபின்பும், கம்பெனி மாறும்போது பழைய கணக்கைச் சேர்க்காமல் விட்டவர்கள் ஏராளம். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும்; இடையில் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கழிந்து போகும். பக்கத்து வீட்டு ஹெல்பர் அக்காவின் பாஸ்புத்தகத்தைக் கைப்பேசியில் திறந்து, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டைச் சங்கத்தில் ஒரு மேசை போட்டு இதைச் செய்தால், எத்தனையோ குடும்பங்களுக்கு முடங்கிக் கிடக்கும் பணம் வந்து சேரும்.

பீன்யாப் பெண்கள் இரண்டு நாளில் மீட்டது நமக்கும் சேர்ந்த பணம். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பணம் முழுதாகக் கைக்கு வந்தது என்று விசாரித்து, வராதவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றி.