மெழுகுவத்தி அணைந்ததும் மூடியை இறுக்குங்கள்!

கேரளத்தின் குன்னத்துகால், பாறசாலை பக்கம் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வேலைக்கு வந்த ஒருவர் குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், முதல் காரியம் விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். கேரளத்தில் அகப்படும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதானே. ஸ்லைடில் தடவி, ஜீம்சா சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பணுவுக்குள் நீல மோதிரம், அதில் ஒற்றைச் சிவப்புக் கல்! கிருமி இருப்பது தெரிந்துவிட்டது. மருந்துக்கு அது சாகுமா? அதை ஸ்லைடு சொல்லாது. அதற்கென்று தனி ஆய்வகங்கள் இருக்கின்றன. எனக்கு ஆசை தீராத இடம் அதுதான்.

கொல்ல முடியுமா என்று பார்ப்பதற்கு முன், அதைச் சீராட்டி வளர்க்க வேண்டும்! மலேரியாவின் ஃபால்சிபாரம் வகைக் கிருமியை உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்க்கும் வித்தையை டிராகர், ஜென்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நியூயார்க்கில் 1976இல்தான் கண்டுபிடித்தார்கள். மனிதச் சிவப்பணு, ஊட்டக் கரைசல், சீரம், 37 டிகிரிச் சூடு. அதோடு இந்தக் கிருமிக்கு ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடி ஜாடிக்குள் வளர்ப்புத் தட்டுகளை அடுக்கி, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, மூடியை வைத்து, சுடர் அணைந்ததும் ஜாடியை இறுக மூடினார்கள். அவ்வளவேதான்! அடேயப்பா, உலக அறிவியலுக்கு ஒரு மெழுகுவத்தி! டெல்லியில் உள்ள தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்படிப்பட்ட கிருமிகளுக்கு ஒரு வங்கியே இருக்கிறது. திரவ நைட்ரஜனில் உறங்கிக்கொண்டிருக்கும்.

ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கான சோதனை இன்னும் ருசி. சிவப்பணுவுக்குள் நுழைந்து மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் பிஞ்சுக் கிருமிகளை மட்டும் பிரித்து, ஆறு மணி நேரம் மருந்தில் ஊறவைத்துக் கழுவிவிடுகிறார்கள். சோதனை தொடங்கி 72 மணி நேரம் ஆனதும் உயிரோடு எத்தனை என்று எண்ண வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டியது பத்தாயிரம் சிவப்பணுக்கள்! மருந்து படாத கிருமிகளோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிழைத்திருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமியோ என்று சந்தேகம். கிருமியின் கெல்ச்13 என்ற மரபணுவிலும் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் தட்டு சொல்வதை உடம்பும் சொல்ல வேண்டாமா? நோயாளிக்கு மருந்தைக் கண்ணெதிரே விழுங்கக் கொடுத்து, 28 நாள் வரை குறித்த நாள்களில் ரத்தம் பார்க்கிறார்கள். இருபத்தோராம் நாள் கிருமி மறுபடி தலைகாட்டினால் அது பழைய ஆளா, புதுக் கொசு கொண்டுவந்த ஆளா? முதல் நாள் எடுத்துவைத்த ரத்தத்தையும் புதிய ரத்தத்தையும் மரபணுக் கோடுகளாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுகிறார்கள். கோடுகள் பொருந்தினால் பழைய ஆள்; மருந்து தோற்றுவிட்டது. துப்பறியும் கதை தோற்றுப்போகும் போங்கள்!

இந்தியாவில் குளோரோகுயின் என்ற பழைய மருந்து ஃபால்சிபாரத்திடம் தோற்றது 1973இல், அசாமின் கார்பி ஆங்லாங்கில் வெளிப்பட்டது. இப்படித் திரண்ட சோதனை முடிவுகளால்தான் 2010இல் ஃபால்சிபாரத்துக்கு நாடு முழுவதும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து வந்தது. அந்தக் கூட்டில் ஆர்ட்டிமிசினினுக்குத் துணையாக இருந்த மருந்தும் வடகிழக்கில் தடுமாற, 2013இல் அங்கே மட்டும் ஆர்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் என்ற கூட்டுக்குச் சீட்டு மாறியது.