நிழலுக்கு என்ன விலை? ஒரு கணினி விளையாட்டு வரிசையின் ஒளியும் இருளும்

பட்டுப்புடவை வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக ஒரே வாசகத்தைக் கேட்டு வருகிறேன். "இதைக் கொஞ்சம் வாசல் வெளிச்சத்துல காட்டுங்க." கடைக்குள் டியூப்லைட்டின் கீழ் மயில்கழுத்து நிறமாக இருந்த புடவை, வாசலுக்குப் போனதும் வெறும் பச்சையாகிவிடும். புடவை மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது. ஆகவே ஒன்றைத் தரம் பார்க்கும் முன் அதை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்று கேட்க வேண்டும். ஆரணிப் பட்டை அகமதாபாத்தில் விற்றுக் கற்ற இந்தப் பாடம், என் பேரனோடு ஏற்பட்ட ஒரு மனத்தாங்கலைத் தீர்க்க உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

சென்ற ஆண்டு அவன் முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்டான். எதற்கப்பா என்றேன். "நிழல் நல்லா வரும் தாத்தா" என்றான். நிழலுக்கு முப்பதாயிரமா! என்ன விளையாட்டு என்று கேட்டால், பெயரே 'தீஃப்'. திருடன்! "திருடுற விளையாட்டுக்கு என் காசு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. மருமகள் இருவருக்கும் நடுவில் தவித்தாள். பார்க்காமலே விலை சொல்லும் வியாபாரி நானில்லையே என்று எனக்கே உறுத்தியது. எட்டாம் நாள் இரவு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு பல இரவுகள் உட்கார்ந்தேன். அங்கே கண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

விளையாட்டின் இயல்பு

இந்த வரிசையில் முக்கியமானவை நான்கு. 'தி டார்க் ப்ராஜெக்ட்' 1998இலும், 'தி மெட்டல் ஏஜ்' 2000இலும் வெளிவந்தன. இரண்டையும் அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் நிறுவனம் செய்தது. அந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. மூன்றாவதான 'டெட்லி ஷேடோஸ்' 2004இல் அயன் ஸ்டார்ம் நிறுவனத்திடமிருந்து வந்தது. நான்காவது வெறும் 'தீஃப்' என்ற பெயரோடு 2014இல் மாண்ட்ரியல் நகரத்து ஐடோஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது.

கதாநாயகன் கேரெட் ஒரு திருடன். பலசாலி அல்லன். காவலரிடம் அகப்பட்டால் தப்புவது கடினம். அவனுக்குள்ள ஒரே பாதுகாப்பு நிழல். திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு மணிக்கல் இருக்கும். அவன் வெளிச்சத்தில் நின்றால் கல் ஒளிரும், இருட்டில் ஒதுங்கினால் கறுக்கும். கல் கறுத்திருக்கும்போது காவலன் இரண்டடி தூரத்தில் நின்றாலும் அவனைக் காணமாட்டான்.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. முதல் இரண்டு விளையாட்டுகளின் மிகக் கடினமான நிலையில், பெரும்பாலான கட்டங்களில் மனிதர் யாரையும் கொல்லக் கூடாது. கொன்றால் தோல்வி. "பார்த்தீங்களா தாத்தா" என்றான் பேரன். கொல்லாமையில் பாஸ், கள்ளாமையில் ஃபெயில் என்று நான் மதிப்பெண் போட்டேன். அன்றுதான் அவன் பழையபடி சிரித்தான்.

நிழல் பொருளா, பொருளின்மையா?

தமிழில் நிழல் என்பது நல்ல சொல். குடைநிழல், தாள்நிழல் என்கிறோம். அருகப் பெருமானையும் பிண்டி மரத்து நிழலில் அமர்ந்தவராகவே வணங்குகிறோம். நிழல் என்றால் அடைக்கலம். கேரெட்டுக்கும் அப்படியே.

ஆனால் நிழல் என்பது என்ன? நம் நாட்டுத் தத்துவ வாதிகள் இதைப் பற்றி நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். இருள் தனிப்பொருள் அன்று, ஒளி இல்லாமையே இருள் என்பது நியாய வைசேடிகர் கொள்கை. சமணரின் தத்துவார்த்த சூத்திரமோ இருளையும் நிழலையும், வெயில் நிலவொளி ஆகியவற்றைப் போலவே, புத்கலம் எனப்படும் சடப்பொருளின் நிலைகளாக எண்ணுகிறது. இந்த வழக்கு ஏதோ பழைய ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்திருந்தேன். கணினிக்காரர்கள் தெரியாமலே இரண்டு கட்சியிலும் நின்றிருக்கிறார்கள்!

1998, 2000: ஒளி எட்டாத இடம்

முதல் இரண்டு விளையாட்டுகளில் வெளிச்சக் கணக்கு முன்கூட்டியே போடப்பட்டது. எந்தச் சுவரில், எந்தத் தரையில் எவ்வளவு ஒளி விழும் என்பதை விளையாட்டை உருவாக்கும்போதே கணித்து, ஒரு மங்கலான படமாக்கி, சுவரின் மேல் போர்த்திவிடுவார்கள். இதற்கு லைட்மேப் என்று பெயர். ஒளி எட்டாத இடம் இருண்டிருக்கும். நிழல் என்று தனியாக எதையும் இங்கே செய்வதில்லை. இது வைசேடிகர் கட்சி.

முன்பே எழுதிய கணக்கு என்றால் தீவட்டியை அணைக்கும்போது என்ன ஆகும்? கேரெட்டிடம் நீர் அம்பு உண்டு. எய்தால் தீ அணையும், அறை இருளும். இதற்காக அணையக்கூடிய ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பேரேடு வைத்திருக்கிறார்கள். விளக்கு அணைந்ததும் அதன் பற்றை மட்டும் மொத்தத்திலிருந்து கழித்துவிடுகிறார்கள். எளிய வழி, ஆனால் பிசகாத வழி. இரண்டாவது விளையாட்டில் வண்ண ஒளி வந்தது, மின்விளக்குகளும் பெருகின. மின்விளக்கை நீர் அம்பால் அணைக்க முடியாது. நகரம் நாகரிகமாக ஆக, ஒளிய இடமில்லாமல் போகிறது. கதையை விளக்கே சொல்லிவிடுகிறது.

குறையும் உண்டு. நிழலின் ஓரங்கள் கரடுமுரடாகவும் குழம்பியும் தெரியும். காவலன் தீவட்டியின் கீழ் நடப்பான், அவன் நிழல் தரையில் விழாது. நிழல் விழாதவர்கள் தேவர்கள் என்று நம் கதைகளில் கேட்டிருக்கிறோம், இங்கே சாதாரணச் சேவகனுக்கே அந்தப் பேறு! ஆகவே அவன் வருவதைக் காதால்தான் அறிய வேண்டும். கல்தரையில் ஒரு சத்தம், கம்பளத்தில் ஒரு சத்தம். அந்தக் குறையே கேட்கும் திறனை வளர்த்தது.

2004: உடம்பெடுத்த நிழல்

மூன்றாவது விளையாட்டில் நிழல் அந்தந்தக் கணமே உண்டாகிறது. ஃபிராங்க்ளின் குரோ என்பவர் 1977இல் சொன்ன வழியை ஒட்டியது இது. பொருளின் விளிம்பிலிருந்து, விளக்குக்கு எதிர்த்திசையில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவத்தை நீட்டிக் கட்டுவார்கள். அதுதான் நிழலின் உடம்பு.

ஓர் இடம் நிழலில் இருக்கிறதா என்று அறியக் கணக்குப்பிள்ளை வேலை போதும். நம் கண்ணிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு நேர்கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிழலுடம்புக்குள் நுழைந்தால் வரவில் ஒன்று. அதைவிட்டு வெளியே வந்தால் செலவில் ஒன்று. இடத்தை எட்டும்போது கணக்கு நேராகிவிட்டால் அங்கே வெளிச்சம். பாக்கி நின்றால் நிழல். நிழலைப் பொருள் என்று சொன்ன நம் கட்சி இங்கே வென்றது என்று பேரனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

பலன் பெரிது. காவலன் திரும்பும் முன் அவன் நிழல் மூலையில் திரும்பி வந்து எச்சரிக்கும். கேரெட்டின் நிழலும் தரையில் விழும். ஆனால் ஓரங்கள் கத்தரித்த கறுப்புத் துணிபோலக் கூர்மையாக இருக்கும். இயற்கையில் அப்படி இருப்பதில்லை. சூரியன் ஒரு புள்ளியன்று, வானில் ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கையை நீட்டினால், நிழலின் ஓரத்தில் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு மங்கல் கரை இருக்கும். மொட்டைமாடியில் அளந்து பாருங்கள். 2004இன் நிழலுக்கு அந்தக் கரை இல்லை.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதே விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் பெட்டியிலும் ஓட வேண்டும், அதன் நினைவகமோ 64 மெகாபைட்தான். பழைய விளையாட்டுகளில் ஒரே வீச்சில் சுற்றிய பெரிய மாளிகைகள் இங்கே துண்டுபட்டன. நடுவில் ஒரு நீல மூட்டம், அதைத் தாண்டக் காத்திருப்பு. நிழல் வளர்ந்தது, வீடு சுருங்கியது.

2014: மென்மையான நிழல்

நான்காவது, பார்வைக்கு மிக அழகு. இக்காலத்தில் பரவலாக உள்ள முறையை 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் வகுத்தார். விளக்கின் இடத்தில் ஒரு கண்ணை வைத்து, அது எதுவரை காண்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். நாம் காணும் இடம் அந்தக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அங்கே நிழல். இதில் ஓரம் படிக்கட்டுபோல உடையும். அக்கம்பக்கத்தைப் பலமுறை விசாரித்துச் சராசரி எடுத்தால் ஓரம் மென்மையாகும். 2014இன் விளையாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. நிழல் பொருளைத் தொடும் இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் விழும். மொட்டைமாடிக் கணக்கை அது பின்பற்றுகிறது. இந்தச் சராசரி விசாரணைக்குத்தான் அதிகத் திறன் தேவை. என் முப்பதாயிரம் போகவேண்டிய இடம் இதுதான்!

ஆனால் இதே விளையாட்டில் கேரெட்டுக்கு ஒரு புதுத் திறமையும் கொடுத்தார்கள். ஒரே பாய்ச்சலில் வெளிச்சத்தைக் கடந்து அடுத்த இருட்டுக்குப் போய்விடலாம். முன்பு ஒரு முழம் வெளிச்சத்தைத் தாண்ட மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இப்போது பொத்தானைத் தட்டினால் போதும். சரக்கு உயர்ந்தது, அதன் தேவை குறைந்தது. சந்தையில் இதற்கு என்ன பெயர் என்று வியாபாரிகளுக்குத் தெரியும்.

ஒப்பிடும் முறை

பேரன் முதலில் செய்த ஒப்பீடு தவறு. பழைய விளையாட்டில் இருள் சாம்பலாகத் தெரிகிறது, புதியதில் நல்ல கறுப்பு, ஆகவே புதியது மேல் என்றான். எனக்குச் சந்தேகம். "ரெண்டும் ஒரே வெளிச்சத்துல இருக்கா?" என்றேன். அமைப்பைத் திறந்து பார்த்தால், வழி தெரியவில்லையென்று பழையதில் பிரகாசத்தை அவனே ஏற்றி வைத்திருக்கிறான்! இறக்கியதும் 1998இன் இருள் கிணற்று இருளாயிற்று. அறையின் டியூப்லைட்டையும் அணைத்தோம். அதன்பின்தான் தராசு நேராக நின்றது. அன்றிலிருந்து அவன் என்னிடம் விளக்கம் சொல்வது குறைந்து, கேள்வி கேட்பது கூடியது.

பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விளக்கும் ஒரு தூணும் உள்ள இடத்தைத் தேடி நிறுத்தி, மூன்று கேள்வி கேட்டோம்.

முதலாவது, கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் இடத்தில் மணிக்கல்லும் கறுக்கிறதா? இதில் எனக்கு 1998தான் முதலிடம். படம் கரடுமுரடு, ஆனால் இருள் என்று காட்டிய இடம் இருள்தான்.

இரண்டாவது, பொருள் நகர்ந்தால் நிழலும் நகர்கிறதா? இதில் 2004 முதல் இரண்டையும் வெகுவாக முந்துகிறது.

மூன்றாவது, ஓரம் இயற்கைபோல் இருக்கிறதா? ஐயமில்லாமல் 2014. அந்த வசதியை அணைத்து வைத்தும் ஆடிப் பார்த்தோம். அழகு கொஞ்சம் குறைந்தது. ஒளிந்துகொள்வதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆக, நிழலின் தரம் ஒரே எண்ணில் அடங்காது. அழகு ஒன்று, அசைவு ஒன்று, வாய்மை ஒன்று. அடைக்கலம் என்று நம்பி ஒதுங்குபவனுக்கு வாய்மையே முதல். இதை நான் சொல்லவில்லை, மூன்றாம் கேள்வியின் முடிவில் பேரன்தான் சொன்னான். "தாத்தா, நிழல் அழகா இருக்கிறதைவிட பொய் சொல்லாம இருக்கணும்."

கார்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதி நான் தருவதாகச் சொன்னேன். மீதிக்கு அவன் கடைப் புடவைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறான். டியூப்லைட்டில் எடுப்பதில்லை, ஜன்னலோரம்தான். வெளியூர் வாடிக்கையாளரிடமிருந்து நிறம் மாறியிருக்கிறது என்று வரும் புகார் குறைந்திருக்கிறது. கள்ளாமை பற்றிய என் வழக்கை மட்டும் நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் திரையில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்காமலே கோபப்படுகிறோம். ஒரு நாள் இரவு பக்கத்தில் உட்கார்ந்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு வேண்டாம் என்று சொன்னாலும், அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.