பழைய படகின் கிரயம்

வள்ளமென்றால் மரத்தால் ஆனதென்றே கருதியிருந்த தலைமுறை மறைந்து, பதினெட்டு, பத்தொன்பது அடி நீளமான பைபர் படகும் அதன் பின்பலகையிலே தொங்கும் வெளியிணைப்பு இயந்திரமுமே ஒரு குடும்பத்தின் மூலதனமாகிவிட்ட இக்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களிலே புதியதை வாங்கச் சக்தியில்லாத ஒருவர் பிறர் பாவித்ததை விலைபேசி வாங்கித் தொழிலுக்கு இறங்குவது சர்வசாதாரணம். அவ்வாறு விலைபேச வருபவர் முதலாவதாகக் கேட்பது, “அண்ணை, எத்தினை வருசத்துப் போட்?” என்பதே. கேள்விகளுள் இதுவே மிகக் குறைந்த பிரயோசனமுடையது என்பது என் அபிப்பிராயம். படகு எந்தக் கரையிலே கிடந்தது, எத்தகைய வேலை செய்தது என்று விசாரித்து அறிந்தவனுக்கு அதன் வயது தானாகவே அற்பமாகிவிடும்.

குருநகர், பாசையூர் முதலிய இடங்களில் படகுகள் பரவைக்கடலிலேயே கட்டப்பட்டு இரவும் பகலும் நீரில் கிடக்கின்றன. பைபர் நீரை உறிஞ்சாது என்பது பலரது நம்பிக்கையாயினும், இழைகளைப் பிணைக்கும் றெசினுக்குள் நீர் மெல்ல மெல்ல ஊடுருவுமாதலால், நெடுங்காலம் நீரிலே கிடந்த படகின் அடிப்புறத்தில் சிறு கொப்புளங்கள் தோன்றுவதுண்டு. அவற்றுள் ஒன்றைக் குத்திப் பார்க்கும்போது புளித்த மணமுள்ள நீர் கசியுமாயின், நோய் மேற்பூச்சோடு நிற்கவில்லை என்று கொள்ளலாம். முருகைக்கற்கள் நிறைந்த வடமராட்சியின் வடகரையிலோ குற்றம் வேறுவிதமானது. கல்லில் உரசிய படகின் அடிநடு வரம்பிலே மேற்பூச்சுத் தேய்ந்து, இழைகள் வெளித்தெரியும். கிழக்குக் கரையின் மணலிலே தினந்தோறும் இழுத்தேற்றப்பட்ட படகிலும் அதே தேய்வு, சற்று ஒழுங்காகவும் பரந்தும் காணப்படும். ஆகவே படகைக் கவிழ்த்துக் காட்ட மறுப்பவனோடு விலை பேசுவது வீண்.

மரக்கலங்களின் காலத்தில் இவ்வளவு சிரமம் இருந்ததோ என்பது சந்தேகமே. உளுத்த பலகையைக் கத்திமுனை காட்டிக்கொடுத்துவிடும். வல்வெட்டித்துறையிலே வேப்பமரத்தால் கட்டப்பட்டு, சரக்கேற்றித் தொழில் செய்துகொண்டிருந்த ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்ட, நம்மூர் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது பிரசித்தமான வரலாறு. பாவித்த கலம் என்று அவர் அதனைத் தள்ளிவிடவில்லை.

பைபர் படகிலோ பழுது உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே புதுப் பெயின்ற் பளபளக்கும். விற்பனைக்கு முதல் வாரம் பூசப்பட்ட பெயின்ற் எதையேனும் மறைப்பதற்கே பூசப்பட்டது என்று கருதிக்கொண்டு தொடங்குவது உத்தமம். பரீட்சையில் பெரும்பங்கு பின்பலகைக்கு உரியது. அநேக படகுகளில் இப்பகுதி இரு பைபர் தோல்களுக்கு இடையே பிளைவூட் வைத்துச் செய்யப்பட்டதாகும். இயந்திரத்தின் பாரத்தையும் உந்துதலையும் அதிர்வையும் அதுவே தாங்குகின்றது. ஆணித்துளைகளினூடாக நீர் புகுந்தால், வெளித்தோல் செவ்வையாயிருக்கவே உள்ளே பலகை உக்கிவிடும். ஸ்குரூட்ரைவரின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனால், உறுதியான இடம் கணீரென்றும் உக்கிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அஃதன்றியும், இயந்திரத்தை மேலே உயர்த்திவிட்டு அதன் கீழ்ப்பகுதியைக் கையால் அழுத்தும்போது பலகையும் கூட அசையுமாயின், அல்லது மூலைகளிலே நட்சத்திர வடிவமான வெடிப்புக்கள் காணப்படுமாயின், விலையைப் பற்றிய பேச்சைப் புதிதாகத் தொடங்கவேண்டும். பின்பலகையை மாற்றுவதென்பது உட்தோலை வெட்டித் திறந்து, உக்கியதைச் சுரண்டி எடுத்து, புதுப்பலகை பதித்து, மறுபடியும் இழையும் றெசினும் இட்டு உலரவிடும் வேலை. அதுவரை தொழிலும் இல்லை.

இயந்திரத்துக்கு வருவோம். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பெற்றோலிலே தொடக்கப்பட்டு, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவது வழமை. விற்பவர் நாம் வருமுன்னரே அதனை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பாராயின், குளிர்ந்த நிலையில் அது படுத்தும் பாடு நமக்குத் தெரியாமற் போய்விடும். ஆதலால் மூடியைக் கழற்றி முதலில் கையை வைத்துப் பார்க்கவேண்டும். சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பின் சந்தேகிக்கவேண்டும். கீழ்ப்பகுதியின் கியர் எண்ணெயைச் சில துளிகள் வடித்துப் பார்க்கையில் அது பாற்றேநீர் நிறமாயிருந்தால், அடைப்பு வளையம் பழுதாகி உப்புநீர் உட்சென்றுவிட்டது.

வெளியிணைப்பு இயந்திரமின்றி ஓடும் படகும் உண்டு. நியூசிலாந்தில் ஹமில்ரன் என்பவர் ஆழமற்ற ஆறுகளுக்கென 1950களிலே விருத்திசெய்த ஜெற் படகு, அடியிலே நீரை உறிஞ்சிப் பின்னே பீச்சியடித்துச் செல்வது. ஆழங்குறைந்த நமது பரவைக்கடலுக்கு அது பொருத்தமென்று தோன்றலாம். ஆனால் இங்குள்ள சாதாளை அதன் உறிஞ்சுவாயை அடைத்துவிடும், மணலோ உள்ளே சுழலும் சக்கரத்தையும் அதைச் சுற்றிய வளையத்தையும் தேய்த்துவிடும். பழைய ஜெற் படகை வாங்குவோர் எங்கிருந்தாலும் முதலில் அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியையே அளந்து பார்க்கின்றனர்.

இனி விலை. விற்பவர் தாம் வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டுவார். 2022ஆம் ஆண்டிலே சில மாதங்களுக்குள் டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிவிட்டமையால், அதற்கு முந்திய சீட்டு எதற்கும் பிரமாணமாகாது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், எண்ணெயை அதிகமாகக் குடிக்கும் பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் மலிவன்று. படகையும் இயந்திரத்தையும் வலையையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவதில் விற்பவருக்கே லாபம். ஒவ்வொன்றையும் பிரித்து, இன்றைய புதுவிலையிலிருந்து தொடங்கி, திருத்தச் செலவையும் திருத்தும் நாட்களின் உழைப்பையும் கழித்து வருவதே நியாயமான வழி.

எல்லாம் திருப்தியானபின்னும் பத்திரங்கள் எஞ்சியிருக்கின்றன. கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் பதிவிலக்கம் படகிலும் பத்திரத்திலும் ஒன்றாயிருக்கவேண்டும். இயந்திரத்தின் தொடரிலக்கம் சுரண்டப்பட்டிருக்குமாயின் கைகழுவிவிட்டு வந்துவிடவேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அதன்மேல் கடன் நிலுவை இல்லையென்று எழுத்திலே பெறும்வரை, முற்பணத்துக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கலாகாது.