பிஎச்.டி. முடித்த பிள்ளைகளுக்கு: தரவுப் பகுப்பாய்வில் போஸ்ட்டாக் வேலை தேடுவது எப்படி?

பிஎச்.டி. முடித்த மகனோ மகளோ "அடுத்து போஸ்ட்டாக்" என்று சொன்னதும், "இன்னும் படிப்பா? ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான் நம் வீடுகளில் முதலில் கேட்கிறோம். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

போஸ்ட்டாக் என்பது படிப்பு அல்ல. பல்கலைக்கழகம் சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்து அமர்த்தும் ஆய்வு வேலை. பெரும்பாலும் சில ஆண்டு ஒப்பந்தம், ஃபீஸ் கிடையாது. எனவே "இடம் வாங்கித் தருகிறோம், இத்தனை லட்சம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் ஏமாந்துவிட வேண்டாம்.

யாருக்கு வாய்ப்பு?

கணினியும் புள்ளியியலும் படித்தவர்களுக்கு மட்டும் அல்ல. நோய்ப் பரவல், மரபணு, பொருளாதாரம், பருவநிலை என எல்லாத் துறை ஆய்வுகளிலும் தரவுகளை அலசத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். 'ஆர்' அல்லது 'பைத்தான்' மொழியில் நன்றாக வேலை செய்யத் தெரிந்திருப்பது அவசியம்.

எங்கே தேடுவது?

இந்தியாவில் அறிவியல், பொறியியல் துறையினருக்கு ஏ.என்.ஆர்.எஃப். அமைப்பின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை உண்டு. காலம் 2 ஆண்டுகள். பொது வயது வரம்பு 35. பெண்களுக்குத் தளர்வு உண்டு.

ஐரோப்பாவுக்கு 'யூராக்ஸஸ்' தளம், பிரிட்டனுக்கு 'ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே' தளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பிஎச்.டி.க்குப் பின் ஆய்வு அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆனால் பிள்ளைப்பேறு போன்ற காரணங்களுக்காக ஆய்வை விட்டிருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. திருமணம், குழந்தை என்று இடைவெளி விட்ட நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக செப்டம்பரில் விண்ணப்பம் முடியும். முடிவு வர அடுத்த பிப்ரவரி ஆகிவிடும்.

சவூதியில் ஜித்தாவுக்கு வடக்கே துவலில் உள்ள 'காஸ்ட்' பல்கலைக்கழகமும் போஸ்ட்டாக் ஆய்வாளர்களை எடுக்கிறது.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

விளம்பரம் வராமலேயே பேராசிரியருக்கு நேரடியாக எழுதலாம். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் பதில் வருவது அரிது. அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் நாம் என்ன செய்ய முடியும் என்று எழுத வேண்டும். "தரவுப் பகுப்பாய்வு தெரியும்" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை ஆயிரம் பதிவுகளைக் கையாண்டோம், விடுபட்ட விவரங்களை எப்படிச் சரிசெய்தோம், என்ன முடிவு கிடைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். எழுதிய நிரல்களை 'கிட்ஹப்' தளத்தில் வைத்து இணைப்பைக் கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பித்து வேலையில் சேர ஓராண்டுகூட ஆகலாம். அந்தக் காலத்தில் பிள்ளை சும்மா இருப்பதாக நினைத்து ஏதோ ஒரு வேலைக்கு அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். இத்தனை ஆண்டு படிக்க வைத்த நாம், இன்னும் சில மாதம் பொறுத்துக்கொள்வோம்.