அலமாரியில் அடைபட்ட காக்கை

சென்ற நவராத்திரியின்போது ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் கொலுவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதில் அழகழகான சித்திரப் புத்தகங்கள், முப்பதுக்குக் குறையாமல், வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. "எல்லாம் குழந்தைக்காக வாங்கியவை. ஒரு தாளாவது கிழிந்திருக்கிறதா, பாருங்கள்!" என்று சிநேகிதர் பெருமையுடன் சொன்னார். பார்த்தோம். ஒரு தாளும் கிழியவில்லை. ஒரு மூலையும் மடங்கவில்லை. ஏனெனில் அலமாரி பூட்டியிருந்தது. சாவி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயதுச் சிறுவனோ, ஒரு மூலையில் உட்கார்ந்து தகப்பனாரின் கைப்பேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிநேகிதரைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. வெகுகாலம் வகுப்பறையில் நாமும் இதைத்தான் செய்துவந்தோம். படத்தைக் காட்டி, "இது என்ன?" என்போம். "காக்கை!" என்று நாற்பது குரல்கள் கூவும். பக்கத்தைப் புரட்டுவோம். கடைசியில், "இக்கதையால் அறியும் நீதி யாது?" என்று கேட்போம். அத்துடன் காக்கையின் ஆயுள் முடிந்துவிடும். ஒரு சமயம் ஒரு சிறுமி காக்கைக்குச் சிவப்பு வர்ணம் தீட்டிவிட்டாள். "காக்கை கறுப்பு அல்லவா?" என்று அதட்டினோம். அந்த வருஷம் முழுவதும் அவள் நம்மைக் கேளாமல் வர்ணக் குச்சியைத் தொடவில்லை. அந்த நினைவு இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.

குழந்தைக்குப் படத்தின் மூலம் அறிவு புகட்டலாம் என்பது புதிய யோசனை அல்ல. 1658-ஆம் வருஷத்திலேயே கொமேனியஸ் என்னும் ஆசிரியரின் படப் பாடப் புத்தகம் நூரம்பர்க் நகரில் வெளியாயிற்று. நம் நாட்டில் ரவீந்திரநாத தாகூர் வங்காளக் குழந்தைகளுக்காக 'சஹஜ பாடம்' எழுதியபோது, 1930-ல், அதற்குச் சித்திரம் அமைத்துக் கொடுத்தவர் நந்தலால் போஸ். அவ்வளவு பெரிய சித்திரக்காரர், குழந்தைகளின் அரிச்சுவடிக்குப் படம் போடுவதைக் குறைவாக எண்ணவில்லை. 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி நடைபெற வேண்டும் என்று காந்தி மகான் வற்புறுத்தினார். கண்ணுக்குப் படம், கைக்கு வேலை. இவ்விரண்டும் ஒன்று சேரும் இடம் எது? விளையாட்டுத்தான் என்பது நமது அபிப்பிராயம்.

அன்று மாலை சாவியைக் கேட்டு வாங்கினோம். "எந்தப் புத்தகம் வேண்டும், நீயே எடு" என்றதும், பையன் பாட்டி வடை சுட்ட கதையை எடுத்தான். கொலுவில் பூங்கா அமைக்க வாங்கிய களிமண் கொஞ்சம் மீந்திருந்தது. அதை உருட்டித் தட்டி, நடுவே விரலால் துளையிட்டதும் பன்னிரண்டு வடைகள் தயாராயின. பழைய கலியாணப் பத்திரிகையின் அட்டையை வெட்டிக் காக்கைக்கு அலகு செய்தோம். சிநேகிதர் காக்கை, நாம் நரி. பையன் யாராக இருப்பான்? நாம் எதிர்பாராதபடி, "நான்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டான்.

காக்கை வடையைக் கொத்திச் சென்றது; நரி புகழ்ந்தது; காக்கை பாடிற்று; வடை விழுந்தது. கதை முடிந்தது என்று எழுந்தோம். பாட்டி விடவில்லை. "மாமா, எனக்குக் காசு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டான்.

நாம் திகைத்துப் போனோம். இத்தனை வருஷமாக இக்கதையைச் சொல்லி வந்த நமக்கு அந்த ஏழைக் கிழவியின் நஷ்டம் ஒரு நாளாவது தோன்றியதுண்டா? புத்தகம் அவளை இரண்டாம் பக்கத்திலேயே மறந்துவிட்டது. அவளாக நடித்த குழந்தை மறக்கவில்லை. காக்கை தினந்தோறும் அடுப்புக்குச் சுள்ளி கொண்டுவர வேண்டும் என்று அவனே தீர்ப்புச் சொன்னான். பிறகு, "கடைக்குப் பலகை வேண்டும்; 'வடை' என்று எப்படி எழுதுவது?" என்று கேட்டான். எழுத்தென்றாலே ஓடி ஒளிபவன் என்று தாயார் சற்று முன்புதான் வருத்தப்பட்டிருந்தார்!

இதற்குப் பெரும் செலவு ஒன்றுமில்லை. பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைத் தைத்தால் பேசும் பொம்மை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வர்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பூ. எரிக் கார்ல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1969-ல் பசித்த கம்பளிப்புழு ஒன்றின் கதையை வெளியிட்டார். திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று புழு தின்றுகொண்டே போகும். தின்ற இடத்தில் தாளில் நிஜமான துவாரமே இருக்கும். மெல்லிய காகிதத்தில் வர்ணம் தீட்டி, வெட்டி, ஒட்டியே அவர் படங்களை உண்டாக்கினார். பட்டக் காகிதமும் மைதாப் பசையும் இருந்தால் நம் குழந்தைகளும் அப்படிச் செய்யலாம். அட்டைப் பழங்களில் துளையிட்டு ஒரு நூலைப் புழுவாக நுழைத்தால், எண்ணும் கிழமையும் தாமே மனத்தில் பதியும்.

பெற்றோருக்கு இரண்டே வார்த்தைகள். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும், பக்கத்தில் இருங்கள். ஆனால் குழந்தையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கி 'அழகாக' முடித்துக் கொடுக்காதீர்கள். கோணலான அலகு அவன் செய்தது. நேரான அலகு நீங்கள் செய்தது. முடிவில் நீதி என்ன என்று பரீக்ஷையும் வைக்காதீர்கள்.

ஏழை வடைக்காரிக்காகக் காசு கேட்கத் தெரிந்த குழந்தைகள் நாளை இந்தத் தேசத்தின் பிரஜைகளாக வரவேண்டாமா? அதற்காக நாலு தாள்கள் கிழிந்தால்தான் என்ன?

சென்ற வாரம் சிநேகிதர் வீட்டுக்கு மறுபடியும் போனோம். ஆணியில் சாவி இல்லை, அலமாரி திறந்திருந்தது. காக்கைப் புத்தகத்தின் நடுத்தாள் கிழிந்து, பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. அதை நம்மிடம் காட்டியபோது சிநேகிதரின் முகத்தில் முன்னைவிட அதிகப் பெருமை இருந்தது.