வீட்டுச் சுவருக்கான செராமிக் கலைப்படைப்பு உருவாவது எப்படி?

புதுதில்லி: வரவேற்பறைச் சுவரை நிறைக்கும் செராமிக் கலைப்படைப்பை வடித்துத் தருமாறு கேட்கும் வீட்டு உரிமையாளர், அது எப்போது தயாராகும் என்றே முதலில் வினவுவார். கலைஞரோ, களிமண் எவ்வளவு சுருங்கும் என்பதையே முதலில் கணக்கிடுகிறார்.

சுவரில் மண் சிற்பப் பலகைகளைப் பதிப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. ராஜஸ்தானின் மொலேலா கிராமத்துக் குயவர்கள் தெய்வ உருவங்களைச் சுடுமண் பலகைகளாக வடித்து வருகின்றனர். உயர் வெப்பத்தில் சுடப்படும் ஸ்டோன்வேர் கலை வளர, 1971-இல் புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி முக்கியக் காரணமாயிற்று.

ஸ்டோன்வேர் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதுமாக மொத்தம் 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கக்கூடும். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 3 மீட்டர் அகலப் படைப்பு வேண்டுமெனில், ஈர நிலையில் அதனை ஏறத்தாழ 3.4 மீட்டர் அகலத்தில் வடிக்க வேண்டும். இடையில் அளவை மாற்றக் கோரினால், பெரும்பாலும் பணியை மீண்டும் தொடங்க நேரிடும்.

இத்தகைய பெரும் படைப்பு, சூளையில் அடங்கும் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் எண் பொறிக்கப்படுகிறது. பின்னர் அவை பிளாஸ்டிக் தாளால் மூடப்பட்டு, மெதுவாக உலர்த்தப்படுகின்றன. ஓரங்கள் விரைந்து உலர்ந்தால் துண்டு வளையும். உள்ளே ஈரம் எஞ்சினால் சூளையில் நீராவியாகித் துண்டை வெடிக்கச் செய்யும்.

முதற்கட்டமாகச் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் சுட்ட பின், கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு பூசி, 1,200 டிகிரிக்கு மேல் மீண்டும் சுடுகின்றனர். பூச்சில் உள்ள தாமிரம் காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகவும், காற்று குறைந்த சூளையில் சிவப்பாகவும் மாறக்கூடும். இதனால் மாதிரி ஓடுகளைச் சுட்டுக் காட்டி, உரிமையாளரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே வண்ணம் முடிவு செய்யப்படுகிறது. சூளை ஆறும்போதும் கவனம் தேவை. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரெனச் சுருங்குவதால், அவசரப்பட்டுக் குளிரவைத்தால் விரிசல் விழும். உடைந்த துண்டைப் புதிதாகச் செய்தாலும் வண்ணம் அப்படியே பொருந்தும் என்ற உறுதியில்லை. எனவே கூடுதல் துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துச் சுடுவது வழக்கம்.

எடையும் முக்கியம். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் 6 சதுர மீட்டர் பரப்புள்ள படைப்பு ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். மெல்லிய தடுப்புச் சுவர் இதனைத் தாங்காது. சுவரின் வலிமையை முன்னதாகவே பொறியாளரிடம் உறுதிசெய்ய வேண்டும்.

இறுதி அளவு, ஒப்புக்கொண்ட மாதிரி, தவணைத் தொகை, சூளையில் நேரும் சேதத்துக்கான பொறுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இல்லையெனில், பல வார உழைப்பு ஒரே நாளில் வீணாகும்போது அந்த இழப்பு பெரும்பாலும் கலைஞரின் தலையிலேயே விழும்.